சுத்தியல் விழும் இடம்: மாலர், சிபேலியஸ் சிம்பொனிகளில் வடிவம் கதை சொல்லும் விதம்

ஆஸ்திரிய இசையமைப்பாளர் குஸ்தாவ் மாலரின் ஆறாம் சிம்பொனிக்கு நான்கு பாகங்கள். முதலாவதும் கடைசியும் எங்கே இருக்க வேண்டும் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. நடுவில் உள்ள இரண்டில் எது முந்தி என்ற வழக்கு மட்டும் நூறாண்டு கடந்தும் தீரவில்லை. 1967இல் நடத்துநர் ஜான் பார்பிரோலி லண்டனில் இதைப் பதிவு செய்தபோது, மெதுவான ஆண்டான்டேயை இரண்டாவதாகவும் முரட்டு ஸ்கெர்ட்சோவை மூன்றாவதாகவும் வைத்தே நடத்தினார். இசைத்தட்டு கடைக்கு வந்தபோது வரிசை மாறியிருந்தது. சில ஆண்டுகளுக்கு முன் வெளியான திருத்தப் பதிப்பு சொன்ன வரிசை அது.

ஒரு சுரம்கூட மாறவில்லை. ஆனாலும் இரண்டு வரிசைகளும் இரண்டு வேறு கதைகளைச் சொல்கின்றன. சொல்லே இல்லாத இசையில் கதை எங்கே ஒளிந்திருக்கிறது என்று தேட இதைவிட நல்ல இடம் கிடைக்காது.

மாலர் இளமையில் கதையை வெளிப்படையாகவே சொல்லிப் பார்த்தவர். அவருடைய முதல் சிம்பொனி 1889இல் புடாபெஸ்டில் அரங்கேறியபோது அதற்குச் சிம்பொனி என்ற பெயரே இல்லை. சிம்பொனிக் கவிதை என்றுதான் அறிவித்தார்கள். பிறகு ஒவ்வொரு பாகத்துக்கும் தலைப்பும் விளக்கமும் சேர்த்தார். 1896இல் பெர்லினில் நடத்தும்போது அத்தனையையும் நீக்கிவிட்டார். மூன்றாம் சிம்பொனியின் தலைப்புகளுக்கும் அதே கதிதான். இதே காலத்தில் ரிச்சர்ட் ஸ்ட்ராஸ் எதிர்த் திசையில் நடந்தார்: டான் குவிக்ஸோட்டின் ஆட்டுமந்தை கத்துவதையும், தன் வீட்டுக் குழந்தை குளிப்பதையும்கூட இசைக்குழுவில் வரைந்து காட்டினார். ஸ்ட்ராஸைக் கேட்பவர் கையில் கதைச் சுருக்கம் இருக்கும். மாலரின் ஐந்து, ஆறு, ஏழாம் சிம்பொனிகளைக் கேட்பவர் கையில் ஒன்றும் இல்லை. ஆனாலும் ஆறாவதைக் கேட்டுவிட்டு எழுந்து போகும் யாரும், ‘இதில் ஒன்றும் நடக்கவில்லை’ என்று சொல்லமாட்டார்கள்.

அப்படியானால் நடந்தது என்ன, யாருக்கு நடந்தது? யாருக்கு என்பதை இசையால் சொல்ல முடியாது. ‘ஒன்று வரப்போகிறது, தாமதமாகிறது, வரவில்லை’ என்பதைச் சொல்ல முடியும். அதற்குக் கேட்பவர் மனத்தில் முன்கூட்டியே ஒரு எதிர்பார்ப்பு இருந்தாக வேண்டும். அந்த எதிர்பார்ப்பைத் தருவதுதான் சொனாட்டா வடிவம்.

சொனாட்டா கொடுக்கும் வாக்கு

கர்நாடக இசையில் ஊறிய காதுக்கு இது முதலில் சற்றுப் பிடிபடாது. நம் கச்சேரியில் ராகம் மாறும், தாளம் மாறும். ஆதார ஷட்ஜம் அசையாது. சிம்பொனியில் அசைவதே அந்த ஷட்ஜம்தான். சொனாட்டா வடிவத்தின் முதல் பகுதியில் ஒரு மெட்டு சொந்த ஸ்கேலில் வரும். பிறகு ஷட்ஜம் வேறிடத்துக்கு நகர்ந்து, அங்கே இன்னொரு மெட்டு வரும். மைனரில் (சாதாரண காந்தாரம் உள்ள ஸ்கேல்) தொடங்கும் இசை பெரும்பாலும் அதன் உறவான மேஜருக்கு (அந்தர காந்தாரம் உள்ள ஸ்கேல்) போகும்: ஏ மைனரில் தொடங்கினால் சி மேஜர். நடுப் பகுதியில் மெட்டுகள் உடைபடும், ஷட்ஜம் ஓரிடத்தில் நிற்காமல் அலையும். மூன்றாம் பகுதியில் எல்லாம் சொந்த ஸ்கேலுக்குத் திரும்பும். முக்கியமானது இதுதான்: முன்பு அயலூரில் கேட்ட இரண்டாம் மெட்டும் இப்போது சொந்த ஷட்ஜத்தில் ஒலிக்க வேண்டும். அதைத் தொடர்ந்து கோடா என்னும் முடிப்பு.

1808இல் பீத்தோவனின் ஐந்தாம் சிம்பொனி இதன்மேல் இன்னொரு வாக்கையும் ஏற்றிவைத்தது. சி மைனரில் மோதிக்கொண்டு தொடங்கிய சிம்பொனி சி மேஜரில் கொண்டாட்டமாக முடிந்தது. அதற்குப் பின் மைனரில் தொடங்கும் எந்தச் சிம்பொனியும் ‘கடைசியில் மேஜருக்குப் போய்ச் சேருமா’ என்ற கேள்வியோடுதான் தொடங்கியது. பிராம்ஸின் முதல் சிம்பொனி (1876) போய்ச் சேர்ந்தது. சாய்கோவ்ஸ்கியின் ஆறாவது (1893) போகாமல், பி மைனரில் மெல்ல அடங்கி முடிந்தது.

1890க்குப் பின் வந்தவர்கள் சொனாட்டாவை அச்சாகப் பயன்படுத்தவில்லை. கேட்பவரின் நினைவில் இருக்கும் வழக்கமாக வைத்துக்கொண்டார்கள் என்பது அமெரிக்க இசையியலாளர் ஜேம்ஸ் ஹெபோகோஸ்கியின் வாதம். வழக்கத்திலிருந்து இசை எங்கே விலகுகிறதோ அங்கே பொருள் பிறக்கிறது. இந்த வாதத்தில் ஒரு சிக்கலும் இருக்கிறது. வழக்கம் தெரியாதவருக்கு விலகல் கேட்காது. அவருக்கு மாலர் வெறும் நீளமாகவும் சத்தமாகவும்தான் தெரிவார். 1907 ஜனவரியில் வியன்னாவின் கேலிப் பத்திரிகை ஒன்று அப்படித்தான் பார்த்தது. வினோதமான தாளக் கருவிகளுக்கு நடுவே மாலர் நின்றுகொண்டு, ‘அடடா, மோட்டார் ஹாரனை மறந்துவிட்டேனே’ என்று தலையில் கைவைப்பதுபோல் கார்ட்டூன் போட்டது.

ஒரு காந்தாரம் இறங்குகிறது

ஆறாம் சிம்பொனியின் மூல முத்திரை இரண்டே கார்டுகள், அதாவது ஒரே நேரத்தில் சேர்ந்து ஒலிக்கும் சுரங்கள்: ஏ மேஜர், உடனே ஏ மைனர். ஏ-வை ஷட்ஜமாக வைத்துக்கொண்டால், ஸ-வும் ப-வும் அசையாமல் நிற்க, அந்தர காந்தாரம் மட்டும் சாதாரண காந்தாரமாக ஒரு அரைச் சுரம் இறங்குகிறது. அவ்வளவுதான் மாற்றம். ஆனால் மாலர் அதை வாத்தியங்களிலும் பங்கிட்டிருக்கிறார். டிரம்பெட்டுகள் பலமாகத் தொடங்கித் தேய்கின்றன. ஓபோக்கள் மெலிதாகத் தொடங்கி வளர்கின்றன. பளிச்சென்ற உலோக ஒலி மங்க, மூக்கடைத்த குழல் ஒலி மேலே வருகிறது. அடியில் டிம்பனி என்னும் பெருமுரசு ஒரு அணிவகுப்புத் தாளத்தை இடிக்கிறது. பீத்தோவன் அரைமணி நேரத்தில் மைனரிலிருந்து மேஜருக்கு ஏறிய பாதையை, மாலர் சில நொடிகளில் தலைகீழாக இறங்கிக் காட்டிவிடுகிறார்.

இங்கே ஓபோக்களை அரங்கில் கேட்க முடியாமல் போவது அடிக்கடி நடக்கும் பிழை. டிரம்பெட்டுகள் தேயத் தாமதித்தால், காந்தாரம் இறங்கியது காதில் விழுந்தாலும் நிறம் மாறியது விழாது. கார்ட் மாற்றம் என்ற அளவில் மட்டும் அது நின்றுவிடும்.

முதல் பாகம் வெளித்தோற்றத்தில் மிகவும் பழைய பாணி. முதல் பகுதி முழுவதையும் திரும்ப வாசிக்கச் சொல்லும் குறிகூட உண்டு. 1904இல் இது வேண்டுமென்றே செய்த பழமை. இந்தத் திருப்பத்தைத் தவிர்க்கும் நடத்துநர் நாலைந்து நிமிடத்தை மிச்சம் பிடிக்கிறார். ஆனால் அந்த அணிவகுப்பின் பிடிவாதத்தைக் கைவிடுகிறார். இரண்டாம் முறை அதே இடத்துக்கு அதே நடையில் வந்து நிற்கும்போதுதான், இது தப்பிக்க வழியில்லாத பாதை என்று உறைக்கும். இரண்டாம் மெட்டு எதிர்பார்த்த சி மேஜரில் வராமல் எஃப் மேஜரில் பொங்கி வருகிறது. மாலர் தன்னைத்தான் அந்த மெட்டில் பிடித்துவைக்க முயன்றார் என்று மனைவி அல்மா பின்னாளில் எழுதினார்; அதனால் அது ‘அல்மா மெட்டு’ என்றே அழைக்கப்படுகிறது.

நடுப் பகுதியில் அணிவகுப்பு திடீரென நின்று, தொலைவிலிருந்து மாட்டு மணிகள் கேட்கின்றன. மணிபோல் ஒலிக்கும் செலஸ்டா என்ற கீபோர்டு வாத்தியமும் உயரத்தில் நடுங்கும் வயலின்களும் கூட வரும். உடனே ஆல்ப்ஸ் மலை, மேய்ச்சல் நிலம் என்று கதை கட்டத் தோன்றும். மாலர் அதற்கு முன்பே கதவைச் சாத்திவிட்டார். மேயும் மந்தையைப்போல் விட்டுவிட்டு, ஒருமுறை சேர்ந்தும் ஒருமுறை தனித்தும் ஒலிக்க வேண்டும் என்று வாசிப்பவருக்குச் சொல்லிவிட்டு, இந்தத் தொழில்நுட்பக் குறிப்புக்கு எந்தக் கதை விளக்கமும் கொடுக்கக் கூடாது என்று இசைப்பிரதியிலேயே அச்சிட்டிருக்கிறார். குறிப்பின் முதல் பாதியையும் இரண்டாம் பாதியையும் சேர்த்துப் படித்தால் சிரிப்பு வரும். ஆனால் அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. மணிகளின் வேலை மாட்டைக் காட்டுவதல்ல, தாளத்தை நிறுத்துவது. அதுவரை இருந்த அணிவகுப்பு நடையோடு எந்த விதத்திலும் பொருந்தாத, எண்ண முடியாத ஒரு ஒலி அங்கே வேண்டியிருந்தது. வரிசையாகச் சீராகக் குலுக்கினால் அந்த வேலை கெட்டுவிடும்.

பாகம் முடிவது ஏ மேஜரில், அல்மா மெட்டின் வெற்றியோடு. திருப்பத்தோடு வாசித்தால் அப்போது இருபத்துச் சொச்சம் நிமிடங்கள் ஆகியிருக்கும். இன்னும் ஒரு மணி நேர இசை பாக்கி. பீத்தோவன் கடைசிப் பக்கத்துக்கு வைத்திருந்த வெற்றி இங்கே முதல் பாகத்திலேயே வந்துவிட்டது என்றால், அதை நம்பலாமா?

நடுவில் எது முந்தி

வரிசைச் சண்டையின் உள்ளடக்கம் இந்தக் கேள்விதான். ஸ்கெர்ட்சோ ஏ மைனரில், மூன்றடித் தாளத்தில், முதல் பாகத்தின் அதே இடிமுழக்கத்தோடு தொடங்குகிறது. அதை இரண்டாவதாக வைத்தால், ஏ மேஜர் வெற்றியின் எதிரொலி அடங்குவதற்குள் ஏ மைனர் வந்து அதைக் கவிழ்த்துவிடும். மேஜர்-மைனர் முத்திரை இப்போது இரண்டு பாகங்களின் அளவுக்குப் பெரிதாகிவிட்டது. அடுத்து வரும் ஆண்டான்டே ஈ-ஃபிளாட் மேஜர். ஏ-யிலிருந்து பார்த்தால் பிரதி மத்யமம், போகக்கூடிய மிகத் தொலைவான இடம். அங்கிருந்து கடைசிப் பாகத்தின் தொடக்கமான சி மைனருக்கு ஒரே எட்டு, ஏனெனில் இரண்டும் ஒரே சுரங்களைப் பங்கிடும் உறவு ஸ்கேல்கள்.

ஆண்டான்டேயை இரண்டாவதாக வைத்தால் முதல் பாகத்தின் வெற்றி கொஞ்ச நேரமாவது வெற்றியாகவே நிற்கும். கேட்பவர் ஓய்வெடுப்பார். பிறகு ஸ்கெர்ட்சோவும் கடைசிப் பாகமும் சேர்ந்தாற்போல் முக்கால் மணி நேரம் மூச்சுவிட இடமில்லாமல் வரும். முந்தைய வரிசையில் வெற்றி பொய் என்று உடனே தெரிகிறது. இந்த வரிசையில் தாமதமாகத் தெரிகிறது.

மாலர் எழுதியதும் முதலில் அச்சானதும் ஸ்கெர்ட்சோ முந்திய வரிசை. 1906 மே 27 அன்று ஜெர்மனியின் எஸ்ஸன் நகரில் அரங்கேற்றம். ஒத்திகையின்போது மனம் மாறி, ஆண்டான்டேயை முன்னுக்குக் கொண்டுவந்தார். லைப்சிக் பதிப்பகமான கான்ட், அதே ஆண்டில் வரிசையை மாற்றி மறுபடி அச்சிட வேண்டியதாயிற்று. மியூனிக்கிலும் (1906 நவம்பர்), வியன்னாவிலும் (1907 ஜனவரி) மாலர் ஆண்டான்டேயை முன்வைத்தே நடத்தினார். அவர் இறந்து எட்டு ஆண்டுகள் கழித்து, நடத்துநர் வில்லம் மெங்கெல்பெர்க் கேட்டதற்கு அல்மா, முதலில் ஸ்கெர்ட்சோ, பிறகு ஆண்டான்டே என்று தந்தி கொடுத்தார். 1963இல் எர்வின் ராட்ஸ் பதிப்பித்த அதிகாரபூர்வப் பிரதியும் ஸ்கெர்ட்சோவையே முன்வைத்தது. 2003இல் சர்வதேச மாலர் சங்கம் அதை மறுத்து ஆண்டான்டேக்குத் திரும்பியது. நடத்துநர் கிளாடியோ அப்பாடோ தம் வாழ்நாளில் இரண்டு வரிசைகளிலும் பதிவு செய்திருக்கிறார்.

ஆவணம் ஆண்டான்டே பக்கம் உறுதியாக நிற்கிறது: எழுதியவர் மேடையில் வேறு வரிசையில் ஒருமுறைகூட நடத்தவில்லை. ஸ்கெர்ட்சோ பக்கத்துக்கு ஸ்கேல்களின் தர்க்கம் துணை. அந்தத் தர்க்கம் உண்மையிலேயே அழகானது. முதல் வரைவில் மாலரும் அதை நம்பியவர்தான். ஆனால் ஒரு நடத்துநராகத் தன் இசையை அரங்கில் கேட்டுவிட்டு அவர் எடுத்த முடிவைப் புரட்டிப்போட, அழகான தர்க்கம் மட்டும் போதாது.

822 கட்டங்கள்

கடைசிப் பாகம் மட்டும் அரைமணி நேரம். இசைப்பிரதியில் 822 தாளக் கட்டங்கள். அறிமுகம், அயலூர், அலைச்சல், வீடு திரும்புதல் என்ற சொனாட்டாவின் எல்லா அங்கங்களும் இதில் இருக்கின்றன. ஆனால் ஒன்றுகூடத் தன் வேலையைச் செய்து முடிக்க விடப்படுவதில்லை.

முதல் ஏமாற்று, அறிமுகம். வழக்கமாகச் சிம்பொனியின் அறிமுகம் ஒருமுறை வந்து கதவைத் திறந்துவிட்டுப் போகும். இங்கே அது நான்கு முறை வருகிறது: 1, 229, 520, 773ஆம் கட்டங்களில். அதாவது பாகத்தின் ஒவ்வொரு முக்கியத் திருப்பத்திலும், புதிய பகுதி தொடங்க வேண்டிய இடத்தில், கதை மறுபடி முதல் வரிக்குப் போய்விடுகிறது. ஹார்ப்பின் சுழிப்பு, மேலே சீறி ஏறி விழும் வயலின்கள், அடியில் ஒரு நிலையற்ற கார்ட். இந்த நான்கு வரவுகளையும் அடையாளம் கண்டுகொண்டாலே பாகத்தின் எலும்புக்கூடு கைக்குள் வந்துவிடும். முதன்முறை கேட்பவர் வேறெதையும் தேட வேண்டாம்.

114ஆம் கட்டத்தில்தான் உண்மையான வேகமான இசை தொடங்குகிறது. இரண்டாம் மெட்டு டி மேஜரில், ஹார்ன்களின் துள்ளலோடு வரும். நடுப் பகுதியில் இசை இரண்டு முறை பெரிய மேஜர் உச்சத்துக்கு ஏறுகிறது. பித்தளை வாத்தியங்கள் கீர்த்தனம்போல் விரிய, முத்தாய்ப்பு தயாராகிறது. முத்தாய்ப்பு விழ வேண்டிய அதே கணத்தில் அடித்தளச் சுரம் வேறிடத்துக்கு விலகிவிடுகிறது. அங்கேதான், மாலர் தாள வாத்தியமாகவே சேர்த்த நிஜமான சுத்தியல் விழுகிறது: 336, 479ஆம் கட்டங்கள். முப்பது நிமிட வாசிப்பில் சுமார் 12-13ஆவது நிமிடமும் 17-18ஆவது நிமிடமும்.

சுத்தியலால் இசை உடைவதில்லை. இசை ஏற்கெனவே வழி தவறிவிட்டது. அந்த நொடிக்கு அடிக்கோடு இடுவது மட்டுமே சுத்தியலின் வேலை. சத்தத்தை மட்டும் எதிர்பார்த்துக் காத்திருப்பவர் இதைத் தவறவிடுவார். அதற்கு முந்தைய அரை நிமிடத்தைக் கவனித்தால், எந்தக் கதவு திறக்கப்போகிறது என்ற எதிர்பார்ப்பு மனத்தில் உருவாகியிருக்கும்.

520இல் வீடு திரும்பும் பகுதி தொடங்குகிறது. வழக்கப்படி முதல் மெட்டு ஏ மைனரில் வந்து, இரண்டாம் மெட்டு ஏ-யிலேயே பின்தொடர வேண்டும். மாலர் வரிசையைத் திருப்பிப்போடுகிறார். இரண்டாம் மெட்டு முதலில் வருகிறது. அதுவும் ஏ-யில் அல்ல, ஒரு அரைச் சுரம் மேலே பி-ஃபிளாட்டில், தனி ஓபோவோடு. ஊர் எல்லை வரை வந்து தெரு தப்பிய நிலை. முதல் மெட்டின் அணிவகுப்பு 642இல்தான் ஏ மைனரில் வந்து சேர்கிறது. இந்தத் தலைகீழ் வரிசையால் விளைவது இது: மென்மையான மெட்டுக்கு ஆறுதல் சொல்லும் வாய்ப்பு முன்கூட்டியே செலவாகிவிட்டது, முடிவுக்குப் பக்கத்தில் மிஞ்சியிருப்பது அணிவகுப்பு மட்டும். அதற்குப் பின்னும் ஏ மேஜரில் ஒரு பெரிய ஏற்றம் உண்டு. இந்த முறை வென்றுவிடும் என்று நம்பவைக்கும் ஏற்றம். அது 773இல் அறிமுகத்தின் நான்காம் வரவில் மோதி நொறுங்குகிறது.

783ஆம் கட்டத்தில் மூன்றாம் சுத்தியல் இருந்தது. 1906 திருத்தத்தில் மாலர் அதை எடுத்துவிட்டார். அந்த இடத்தின் வாத்தியக் கனத்தையும் குறைத்தார். அதற்கு அடுத்த ஆண்டு, 1907இல், அவருடைய மூத்த மகள் இறந்தாள், அவருக்கு இதயக் கோளாறு என்று மருத்துவர்கள் சொன்னார்கள், வியன்னா ஓபரா பதவியையும் விட்டார். மூன்று அடிகள், மூன்று துயரங்கள் என்ற பொருத்தம் யாரையும் மயக்கும். நாயகன் மேல் விழும் மூன்றாம் அடி அவனை மரம்போல் சாய்க்கிறது என்று மாலர் சொன்னதாக அல்மா எழுதியது இந்த நம்பிக்கையை இறுக்கிவிட்டது. ஆனால் இசை எழுதப்பட்டது 1903, 1904 கோடைகளில், வோர்தர் ஏரிக்கரையில், அவர் வாழ்க்கையின் நல்ல நாட்களில். அடியை நீக்கியதும் துயரங்களுக்கு முன்பே.

வடிவத்தைப் பார்த்தால் வேறொரு காரணம் தெரியும். முதல் இரண்டு அடிகள் விழும்போது உடைபட ஒரு முத்தாய்ப்பு இருந்தது. 783இல் அப்படி எதுவும் மிஞ்சவில்லை. நொறுங்கல் பத்துக் கட்டங்களுக்கு முன்பே நடந்துவிட்டது. அங்கே விழும் சுத்தியல் ஏற்கெனவே முடிந்துபோனதை உரக்கச் சொல்வதாக மட்டுமே இருக்கும். லெனர்ட் பெர்ன்ஸ்டைன் போன்ற சிலர் மூன்றாம் அடியைத் திரும்பச் சேர்த்து நடத்தினார்கள். அரங்கில் அது பிரமாதமாகத்தான் ஒலிக்கும். கதையைப் பொறுத்தவரை மாலரின் திருத்தமே கூர்மையானது.

சுத்தியலின் ஓசை பற்றி அவர் எழுதியது: குட்டையாகவும் பலமாகவும், ஆனால் மந்தமாக ஒலிக்கும் அடி, உலோகத் தன்மை கூடாது, கோடாரி வெட்டைப்போல் இருக்க வேண்டும். எழுதுவது சுலபம். மொத்த இசைக்குழுவும் உச்சபட்ச ஒலியில் இருக்கும்போது, உலோகமல்லாத ஒரு மந்த ஓசையைக் கடைசி வரிசைவரை கேட்கவைப்பது கடினம். இப்போது பெரும்பாலான குழுக்கள் செய்வது: உள்ளே கூடான பெரிய மரப்பெட்டி, அதன்மேல் இரண்டு கையாலும் தூக்கும் மரச் சுத்தியல். பெட்டி சிறியதாக இருந்தால் ‘டக்’ என்று கதவு தட்டுவதுபோல் கேட்கும். மேடைப் பலகையில் நேராக அடித்தால் தரை அதிர்ந்து ஒலி கலங்கும். மேலே தூக்கி இறக்க ஒரு நொடி பிடிப்பதால், நடத்துநரின் கையைப் பார்த்த பின் ஓங்கினால் அடி தாமதமாகத்தான் விழும். முந்தைய தாளத்திலேயே சுத்தியல் காற்றில் இருக்க வேண்டும். அதனால் பார்வையாளர்கள் அடியைக் கேட்பதற்கு முன்பே பார்த்துவிடுகிறார்கள். இசைத்தட்டில் கேட்பவருக்கு இந்த முன்னறிவிப்பு இல்லை.

கடைசிப் பக்கத்தில் டிராம்போன்களும் டியூபாவும் ஒன்றையொன்று தொடர்ந்து, தாழ்ந்து தேய்கின்றன. எல்லாம் அடங்கிய பின் ஏ மைனர் கார்ட் திடீரென முழு பலத்தோடு வெடிக்கிறது. அந்த முத்திரை இதுவரை வந்தபோதெல்லாம் மேஜரில் தொடங்கித்தான் மைனருக்கு இறங்கியது. இங்கே மேஜர் இல்லை. இறங்குவதற்கு அந்தர காந்தாரமே மிஞ்சவில்லை.

எதிர்த் திசையில் சிபேலியஸ்

1907இல் ஹெல்சிங்கியில் மாலரும் பின்லாந்து இசையமைப்பாளர் ஜான் சிபேலியஸும் சந்தித்தார்கள். சிம்பொனியில் எல்லா மெட்டுகளையும் உள்ளூறப் பிணைக்கும் கடுமையான தர்க்கமே தனக்குப் பிடித்தது என்றார் சிபேலியஸ். மாலரோ சிம்பொனி உலகத்தைப்போல் எல்லாவற்றையும் அணைத்துக்கொள்ள வேண்டும் என்றார். பிற்காலத்தில் சிபேலியஸ் நினைவிலிருந்து சொன்ன உரையாடல் இது. இருவருக்கும் இருந்தது ஒரே சிக்கல்தான்: சொனாட்டாவின் பழைய வாக்கை நம்பவும் முடியவில்லை, விடவும் முடியவில்லை. மாலர் அதை உடையவைத்துக் கதை சொன்னார். சிபேலியஸ் அதை மெல்ல வேறொன்றாக வளரவைத்தார்.

அவருடைய ஐந்தாம் சிம்பொனி 1915 டிசம்பர் 8, அவரது ஐம்பதாம் பிறந்தநாளன்று ஹெல்சிங்கியில் அரங்கேறியது. திருப்தியில்லாமல் 1916இல் திருத்தி, 1919 நவம்பரில் மறுபடி திருத்தி முடித்தார். முதல் வடிவத்தை லாஹ்டி இசைக்குழு ஓஸ்மோ வான்ஸ்காவின் தலைமையில் 1990களில் பதிவு செய்தது. இறுதி வடிவத்தோடு அதை அடுத்தடுத்துக் கேட்பது எந்த விளக்கத்தைவிடவும் பயன் தரும். மாலரின் எட்டு ஹார்ன், ஆறு டிரம்பெட்டுக்கு எதிரே இங்கே நான்கு ஹார்ன், மூன்று டிரம்பெட், மூன்று டிராம்போன். தாளத்துக்கு டிம்பனி மட்டும்.

1915இல் நான்கு பாகங்கள் இருந்தன. முதல் பாகம் முடிந்து, ஸ்கெர்ட்சோ தனியாகத் தொடங்கியது. திருத்தத்தில் இரண்டையும் இணைத்து ஒரே பாகமாக்கினார். இணைப்பில் உள்ள கைவேலை இது: மெதுவான பகுதி பன்னிரண்டு-எட்டுத் தாளத்தில், கட்டத்துக்கு நான்கு துடிப்பு. ஒவ்வொரு துடிப்பிலும் மூன்று சிறு சுரங்கள். பித்தளை வாத்தியங்களின் உச்சத்துக்குப் பிறகு ஒவ்வொரு துடிப்பும் தனித்தனி மூன்று-நான்குக் கட்டமாக எழுதப்படுகிறது. காகிதத்தில் தாளம் மாறிவிட்டது. காதில் துடிப்பு மாறவில்லை. அங்கிருந்து காலப்பிரமாணம் கொஞ்சம் கொஞ்சமாக ஏறி, கடைசிப் பக்கத்தில் தலைதெறிக்க ஓடுகிறது. மெதுவான பாகம் எந்த நொடியில் ஸ்கெர்ட்சோவாக மாறியது என்று விரல் வைத்துச் சொல்ல முடியாது.

இந்த இடத்தில் நடத்துநர்கள் இரண்டு விதமாகச் சறுக்குகிறார்கள். இணைப்பிலேயே வேகத்தைக் கூட்டிவிட்டால் தையல் வெளியே தெரிந்துவிடும். தொடக்கத்தில் ஆசைப்பட்டு ஏற்றினால், மேலும் விரைவாக என்ற கடைசிக் குறிப்பு வரும்போது வயலின்களுக்கு விரல் ஓடாது; ஏறிக்கொண்டே போக வேண்டிய இசை சமதளத்தில் நின்றுவிடும். ஏற்றத்தைச் சமமாகப் பரப்ப வேண்டும், அதுவும் பல நிமிடங்களுக்கு. கேட்பவர் வேகத்தை உணரக் கூடாது, வேகம் கூடிவிட்டது என்பதைப் பிந்தித்தான் உணர வேண்டும்.

கடைசிப் பாகத்தின் மெட்டு எல்லோருக்கும் தெரிந்தது: ஹார்ன்கள் ஊஞ்சல்போல் ஆடும் சுரங்கள். 1915 ஏப்ரலில் பதினாறு அன்னங்கள் பறப்பதைப் பார்த்ததாகச் சிபேலியஸ் நாட்குறிப்பில் எழுதினார்; அன்னப் பறவைகளின் மெட்டு என்று பெயர் வந்தது அதனால். பறவைகளின் கதையைவிடச் சுவாரசியமானது, அந்த மெட்டு வந்து சேரும் விதம். இரண்டாம் பாகத்திலேயே அடித்தள வாத்தியங்களில் அதன் உருவம் யாரும் கவனிக்காதபடி தலைகாட்டுகிறது. கடைசிப் பாகத்தில் ஹார்ன்கள் வாசிக்கும்போது, டபுள் பாஸ்கள் அதையே மூன்று மடங்கு மெதுவாக வாசிக்கின்றன. அது மேலோட்டமான மெட்டாக மட்டுமில்லாமல் தரையாகவும் இருக்கிறது. சொனாட்டாவில் மெட்டுகளை முதலிலேயே அறிமுகம் செய்துவிட்டுப் பிறகு சோதிப்பார்கள். இங்கே கதையின் இலக்கே அந்த மெட்டுதான். முன்னால் நடந்ததெல்லாம் அது உருவாகிவந்த வழி. ஒரே பொருள் சுற்றிச் சுற்றி, ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சம் முதிர்ந்து வருவதை ஹெபோகோஸ்கி சுழற்சி வடிவம் என்று வகைப்படுத்தினார்.

முடிவில் ஆறு கார்டுகள், நடுவில் மௌனங்கள். 1915 வடிவத்தில் அந்த இடைவெளிகளைத் தந்தி வாத்தியங்களின் நடுக்கம் நிரப்பியிருந்தது. 1919இல் அதை எடுத்துவிட்டார். இந்த மௌனங்களிலும் தாளம் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது, எண்ணியாக வேண்டும். நாடகத்தனத்துக்காக நடத்துநர் மௌனத்தை நீட்டினால் தாளம் அறுந்து ஆறும் ஆறு தனி வெடிகளாகிவிடும். அரங்கில் யாராவது நான்காவதிலோ ஐந்தாவதிலோ கைதட்டத் தொடங்குவது இன்றும் நடக்கிறது.

இந்த வெற்றி முடிவை 1917இன் பின்லாந்து சுதந்திரத்தோடு இணைத்துச் சொல்பவர்கள் உண்டு. ஈ-ஃபிளாட் மேஜரில் முடியும் கொண்டாட்டம் 1915 வடிவத்திலேயே இருந்தது. நாடு அப்போது ரஷ்யப் பேரரசின் கீழ். மாலரின் மூன்று துயரங்களைப்போலவே இதுவும் ஆண்டுக் கணக்குப் பார்த்தால் நிற்காது.

நீல்சனின் மத்தளம்

மூன்றாவதாக ஒரு வழியும் உண்டு: கதையின் எதிராளியைக் குழுவுக்குள்ளேயே உட்காரவைப்பது. டென்மார்க்கின் கார்ல் நீல்சன் ஐந்தாம் சிம்பொனியை இரண்டே பாகங்களில் எழுதினார். 1922 ஜனவரி 24 அன்று கோபன்ஹேகனில் அரங்கேற்றம். முதல் பாகத்தின் பிற்பாதியில் தந்தி வாத்தியங்கள் அகலமான ஒரு மெட்டை விரிக்க, ஸ்நேர் டிரம் வாசிப்பவர் தன் சொந்தக் காலப்பிரமாணத்தில் குறுக்கிடுகிறார். என்ன ஆனாலும் இசைக்குழுவின் போக்கைத் தடுத்து நிறுத்துவதுபோல் மனோதர்மமாக வாசிக்க வேண்டும் என்பது கட்டளை. மாலரிடம் வடிவத்தைத் தடுப்பது ஒரு தவறிய முத்தாய்ப்பு. இங்கே தடுப்பவர் குச்சியோடு மேடையில் உட்கார்ந்திருக்கிறார். கடைசியில் மெட்டு அவரை மீறி ஜி மேஜரில் விரிந்துவிடுகிறது. அடங்கிவரும் டிரம்முக்கு மேலே ஒரு கிளாரினெட் தனியாகப் பேசிப் பாகத்தை முடிக்கிறது.

பயிற்சி பெற்ற தாளக் கலைஞருக்கு இது இயல்புக்கு மாறான வேலை. நடத்துநரின் கையோடு ஒட்டி வாசிப்பதே அவர் வாழ்நாள் பழக்கம். கை கொஞ்சம் அசந்தாலும் உருட்டுகள் குழுவின் துடிப்போடு போய் ஒட்டிக்கொள்ளும். ஒட்டியவுடன் அது பக்கவாத்தியமாகிவிடும், மோதல் காணாமல்போகும். அதற்காக வெறும் இரைச்சலாக அடித்தாலும் பயனில்லை. டிரம்முக்கென்று ஒரு நிலையான வேகம் இருந்து, அது மெட்டின் வேகத்தோடு பொருந்தாமல் கேட்கும்போதுதான் இரண்டு விருப்பங்கள் முட்டிக்கொள்வது தெரியும். இதற்கு நடத்துநர் செய்யக்கூடிய உதவி, அந்த நிமிடங்களில் டிரம் பக்கம் திரும்பாமல் இருப்பதுதான்.